ஆட்டத்தைத் திருத்திய அரங்கம்

ஒரு கல்லூரியைக் காண வருவோர் முதலில் நோக்குவன வகுப்பறைகளும் நூலகமும் ஆய்வுக்கூடங்களுமே. விளையாட்டு மைதானம் கடைசியாகக் கண்ணில் படும். பல வேளைகளில் படாமலேயும் போகும். கல்லூரி வரலாற்றை எழுதுவோரும் மைதானத்திற்கு ஒரு பத்தியை ஒதுக்கிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவர். ஆனால் ஒரு கல்லூரி எழுப்பிய விளையாட்டரங்கம், ஒரு நாடு முழுவதும் ஆடிவந்த ஆட்டத்தின் விதிகள் திருத்தி எழுதப்படுவதற்கு ஒரு காரணமாக அமைந்த வரலாறும் உண்டு. அந்த அரங்கத்தைப் பற்றியே இக்கட்டுரையில் காண இருக்கிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1636ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது ஹார்வர்டு. அந்நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களுள் அதுவே மிகப் பழைமையானது. அதன் கால்பந்து அரங்கம் 1903ஆம் ஆண்டில் எழுந்தது. நூற்றாண்டு கடந்தும் அது இன்றும் நின்று பயன் தருகிறது. அது எவ்வாறு எழுந்தது, எவ்வகையில் அமைந்துள்ளது, ஆட்டத்தின் போக்கை எவ்வாறு மாற்றியது என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குவோம்.

களம் கிடைத்த வரலாறு

ஹார்வர்டின் பழைய கட்டடங்கள் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ளன. அந்நகரை ஒட்டிச் சார்லஸ் ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கடந்தால் பாஸ்டன் மாநகரின் ஆல்ஸ்டன் பகுதி. ஆற்றின் இக்கரையில் படிப்பு, அக்கரையில் விளையாட்டு என்று சொல்லத்தக்க வகையில் அரங்கம் ஆல்ஸ்டனில் அமைந்திருக்கிறது.

அந்த நிலத்தை 1890ஆம் ஆண்டில் ஹார்வர்டுக்கு அளித்தவர் ஹென்றி லீ ஹிக்கின்சன் என்னும் செல்வர். பாஸ்டனின் புகழ்பெற்ற சிம்பொனி இசைக்குழுவை 1881இல் நிறுவியவரும் இவரே. இவர் ஹார்வர்டில் சேர்ந்து, கண்பார்வைக் குறைவினால் முதலாண்டிலேயே படிப்பை விட்டவர். 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களின் படையில் பணியாற்றியவர். அப்போரில் பணிபுரிந்து மறைந்த தம் நண்பர்கள் அறுவரின் நினைவாக இந்நிலத்தை வழங்கினார். ஆகையினால் அதற்குப் 'போர்வீரர் களம்' என்னும் பொருள்படும் 'சோல்ஜர்ஸ் ஃபீல்டு' என்று பெயரிடப்பட்டது.

அந்த அறுவருள் ஒருவர் ராபர்ட் கூல்ட் ஷா. கறுப்பின வீரர்களைக் கொண்ட 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி, 1863ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் உயிர் நீத்தவர் அவர். இளமையிலேயே மறைந்தோரின் பெயரால் அமைந்த மைதானத்தில் இளைஞர்கள் ஆடி மகிழவேண்டும் என்பதே நிலமளித்தவரின் விருப்பம். பதினைந்து ஆண்டுகளுக்குள்ளாக, இளைஞர்கள் ஆட்டக்களத்திலேயே உயிரிழப்பது பற்றி நாடே கவலை கொள்ளும் நிலை வரும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

அவர்கள் ஆடும் கால்பந்து

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். கால்பந்து என்றவுடன் நம் நினைவுக்கு வருவது உருண்டைப் பந்தைக் காலால் உதைத்து வலைக்குள் செலுத்தும் ஆட்டம். அமெரிக்கர் அதனைச் 'சாக்கர்' என்பர். அவர்கள் கால்பந்து என வழங்குவது வேறோர் ஆட்டமாகும். அதில் பந்து இருமுனையும் கூம்பிய நீள்வடிவினது. அணிக்குப் பதினொருவர் என்பது மட்டுமே நம் ஆட்டத்தோடு பொதுவானது. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம், பந்தை ஏந்தியவரைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்ப்பதே குறிக்கோள்.

1874ஆம் ஆண்டு மே மாதத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி கேம்பிரிட்ஜுக்கு வந்து ஹார்வர்டு அணியோடு ரக்பி முறையில் ஆடியது. அம்முறை ஹார்வர்டு மாணவர்களைக் கவர்ந்தது. மறு ஆண்டில் ஹார்வர்டும் யேலும் முதன்முறையாக மோதின. அன்று தொடங்கிய இவ்விரு கல்வி நிலையங்களின் போட்டி இன்றளவும் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தின் இறுதியில் பெருந்திருவிழாப் போல நடைபெறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டத்தைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். அவர்களை அமரச் செய்யக் கல்லூரிகள் மரப்பலகை மேடைகளை அமைத்தன. மரம் மழையில் உளுத்தது, பனியில் பிளந்தது, ஒரு நெருப்புப் பொறி விழுந்தால் எரிந்து சாம்பலாகும் அச்சமும் இருந்தது. ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் செலவும் ஏறிக்கொண்டே சென்றது. நிலையான அரங்கம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறே வலுப்பெற்றது.

கான்கிரீட் எழுந்த கதை

ஹார்வர்டில் 1879ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மாணவர்கள், தாம் பட்டம் பெற்ற இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டித் தம் கல்லூரிக்கு நிலைத்த பொருளொன்றை வழங்க விழைந்தனர். அவர்கள் ஒன்றுகூடி அளித்த கொடை 1,00,000 டாலர். அரங்கத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 3,10,000 டாலராயிற்று. எஞ்சிய தொகைக்கு விளையாட்டுக் கழகத்தின் வருவாய் கைகொடுத்தது.

அரங்கத்தின் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் பொறியியல் பேராசிரியரும் விளையாட்டுக் குழுவின் தலைவருமான ஐரா ஹாலிஸ். கட்டுமான வடிவமைப்பில் பெரும்பங்கு ஆற்றியவர் மற்றொரு பொறியியல் பேராசிரியரான லூயிஸ் ஜான்சன். தோற்றப் பொலிவுக்கு வழிகாட்டியவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் மெக்கிம். கல்லூரியின் சொந்த ஆசிரியர்களே தம் கல்லூரியின் அரங்கத்தை வரைந்தனர் என்பது கருதத்தக்கது.

இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட் அன்று அமெரிக்காவில் புதுமை. உலகின் முதல் கான்கிரீட் வானளாவி எனப்படும் பதினாறு மாடி இங்கால்ஸ் கட்டடம் சின்சினாட்டி நகரில் கட்டி முடிக்கப்பட்டதும் இதே 1903ஆம் ஆண்டில்தான். இன்று நம் வீடுகளில் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, தளம் போடுவதை நாள்தோறும் காண்கிறோம். அதன் தத்துவம் எளிது. கான்கிரீட் தன்மேல் ஏறும் பாரத்தினால் உண்டாகும் அழுத்தத்தை நன்கு தாங்கும். ஆனால் இழுவிசைக்கு ஆற்றாது, எளிதில் விரிசல் விடும். இரும்போ இழுவிசையைத் தாங்கவல்லது. ஒரு தளத்தின்மேல் பாரம் ஏறும்போது அதன் மேற்புறம் நெருக்குண்கிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது. எங்கே இழுபடுகிறதோ அங்கே கம்பியைப் பொதிந்துவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. வெப்பத்தினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதனால் அவ்விணைப்பு பிரிவதும் இல்லை.

இவ்வளவு தெளிவாக நாம் இன்று கூறுவதனை அன்று பலர் ஐயுற்றனர். காரணம் அப்பகுதியின் கடுங்குளிர். கான்கிரீட்டின் நுண்துளைகளில் புகும் நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருமன் கூடும். உறைவதும் உருகுவதுமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் இது பலமுறை நிகழுமாயின் கட்டடம் சிதைந்துவிடாதா என்பதே ஐயம். ஆயினும் பேராசிரியர்கள் துணிந்தனர். அமரும் படிக்கட்டுகளுக்கான பலகங்களைத் தனித்தனியே அச்சுகளில் வார்த்தெடுத்துப் பின்னர் இரும்புச் சட்டங்களின்மேல் ஏற்றி அமைத்தனர். வேலை 1903ஆம் ஆண்டுக் கோடையில் தொடங்கி ஐந்து மாதத்திற்குள் ஆட்டம் நடத்தும் நிலையை எட்டியது. அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் டார்ட்மத் கல்லூரி அணியோடு அங்கு முதல் போட்டி நடைபெற்றது. புதிய அரங்கத்தில் ஹார்வர்டுக்கு வெற்றி கிட்டவில்லை. டார்ட்மத் 11-0 என வென்றது. அடுத்த வாரமே யேல் அணியும் 16-0 என வென்று சென்றது.

அரங்கத்தின் அமைப்பு

'ஸ்டேடியம்' என்னும் சொல் கிரேக்கரின் 'ஸ்டேடியோன்' என்பதன் வழி வந்தது. அது முதலில் அறுநூறு அடி நீளத்தைக் குறித்த ஓர் அளவைப் பெயர். அத்தொலைவு ஓடும் பந்தயத்திற்கும், பின்னர் அப்பந்தயம் நிகழும் இடத்திற்கும் அதுவே பெயராயிற்று. கிரேக்க அரங்கங்களுள் பலவற்றில் இரு நீண்ட பக்கங்களிலும் படிவரிசைகள் இருக்கும், ஒருமுனை வளைந்து மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். 1896இல் ஏதென்ஸ் நகரில் முதல் நவீன ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்ற பளிங்கு அரங்கமும் இவ்வடிவினதே. அப்போட்டிகளில் முதல் வெற்றியாளராகத் திகழ்ந்த ஜேம்ஸ் கானலி, ஹார்வர்டு மாணவராயிருந்து, ஏதென்ஸ் செல்வதற்காகப் படிப்பைத் துறந்தவர்.

ஹார்வர்டின் அரங்கமும் கிரேக்க வடிவைத் தழுவியதே. குதிரை லாடம் போன்றது என்பர். அடிப்பகுதி வளைந்த 'ப' என்னும் எழுத்தைப் போன்றது என்றால் நமக்கு எளிதில் விளங்கும். திறந்த முனை ஆற்றை நோக்கியது. படிவரிசைகள் 37 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வரிசையும் முன்வரிசையினும் உயர்ந்திருப்பதனால் முன்னிருப்போரின் தலை பின்னிருப்போருக்கு மறைப்பதில்லை. படிக்கட்டே இருக்கை. வெளிப்புறத்தில் வளைவுகள் அணிவகுத்து நிற்கின்றன. உச்சியைச் சுற்றியுள்ள தூண்வரிசை 1910இல் சேர்க்கப்பட்டது. அதன் நிழலில் நின்று நோக்கினால் உள்ளே களமும் வெளியே நகரமும் ஒருங்கே தோன்றும்.

இவ்வமைப்பில் ஓர் இயல்பை நாம் நினைவிற் கொள்ளவேண்டும். படிவரிசைகள் களத்தை நெருங்கி நின்றன. பார்வையாளருக்கு அது பெருவசதி. ஆனால் கான்கிரீட் சுவரை மரமேடை போலப் பிரித்தெடுத்து நகர்த்தி வைக்க இயலாது. இவ்வியல்பே மூன்றாம் ஆண்டில் பெரியதொரு வினாவுக்கு விடை கூறியது.

1905ஆம் ஆண்டு

அக்காலத்து ஆட்டம் கொடியது. முன்னோக்கிப் பந்தை எறிதல் விதிப்படி தவறு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் முன்னேறினால் போதும். பந்து தம் அணியிடமே இருக்கும். ஐந்து கஜம் முன்னேற எளிய வழி கூட்டமாக மோதுவதே. ஓர் அணியினர் அனைவரும் பந்தை ஏந்தியவரைச் சூழ்ந்து, தள்ளியும் இழுத்தும், எதிரணியின் ஒரே இடத்தைக் குறிவைத்துப் பாய்வர். 1892இல் யேலுக்கு எதிராக ஹார்வர்டு அணி பயன்படுத்திய 'பறக்கும் ஆப்பு' என்னும் உத்தி இவ்வகையில் பெயர்பெற்றது. அவ்வுத்தி சில ஆண்டுகளில் தடைசெய்யப்பட்டபோதும் கூட்டமோதல் ஒழியவில்லை. தலைக்கவசம் கட்டாயமாக்கப்படாத காலம் அது. வீழ்ந்தவர்மேல் பலர் விழுவதும், எலும்பு முறிவதும், மூளையிலும் முதுகெலும்பிலும் அடிபடுவதும் வழக்கமாயின.

1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் இவ்வாட்டத்தில் பதினெட்டுப் பேர் உயிரிழந்ததாக நாளிதழ்கள் கணக்கிட்டன. அவருள் பலர் பள்ளி, கல்லூரி மாணவர்கள். ஒரு தாய் தன் மகனைக் கல்விக்கு அனுப்புகிறாள். அவன் விளையாட்டுக் களத்தில் மாண்டான் என்று செய்தி வருகிறது. இதற்கு எந்தக் கல்லூரித் தலைவர் என்ன மறுமொழி கூற இயலும்? ஹார்வர்டின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய சார்லஸ் எலியட் இவ்வாட்டத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார். அவர் தலைமையின்கீழ்தான் அந்நாட்டின் தலைசிறந்த கால்பந்து அரங்கமும் எழுந்திருந்தது என்பது வரலாற்றின் முரண்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக அப்போது இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டில் 1880இல் பட்டம் பெற்றவர். அவருடைய மகன் அவ்வாண்டில் ஹார்வர்டின் முதலாண்டு மாணவர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். ரூஸ்வெல்ட் ஆட்டத்தை விரும்பியவர். அதன் கொடுமையை வெறுத்தவர். 1905ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்றன் பிரதிநிதிகளையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆயினும் அப்பருவத்திலும் சாவுகள் நிற்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. மேற்குக் கரையில் ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் ரக்பிக்கு மாறின. டிசம்பர் 28ஆம் நாள் 62 கல்லூரிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினர். அக்கூட்டத்தின் வழி 1906இல் உருவான சங்கமே, 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்னும் பெயரில் இயங்கி வருகிறது. விதிகள் திருந்தினாலொழிய ஹார்வர்டில் ஆட்டம் இல்லை என்னும் நிலையும் தோன்றியது.

சுவர் கூறிய மறுப்பு

1906இன் தொடக்கத்தில் விதிக்குழுவின் முன் நின்ற வினா ஒன்றே. வீரர்கள் ஒரே இடத்தில் குவிந்து மோதுவதைத் தவிர்ப்பது எவ்வாறு?

ஒரு விடை எளிதாகத் தோன்றியது. களத்தின் அகலத்தைக் கூட்டிவிடலாம். 160 அடி அகலமுள்ள களத்தை மேலும் 40 அடி விரிவாக்கினால் ஆட்டம் பரவும். காக்கவேண்டிய இடம் மிகுவதனால் எதிரணியும் பரவி நிற்கும். குவிந்து மோதுவது குறையும். வெற்று வெளியில் ஆடும் கல்லூரிக்கு இரண்டு கோடுகளை அழித்து வேறிடத்தில் வரைவதே வேலை. மரமேடை உள்ள கல்லூரிக்கு மேடையைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். ஹார்வர்டுக்கு அவ்வாறன்று. மூன்றாண்டுகளுக்கு முன்னரே கட்டிய கான்கிரீட் படிவரிசைகள் இருபுறமும் நெருங்கி நின்றன. 40 அடியைக் கூட்டவேண்டுமாயின் அரங்கத்தை இடிக்கவேண்டும். முன்னாள் மாணவரின் கொடையால் எழுந்த அக்கட்டடத்தை இடிக்க யார் உடன்படுவர்?

களம் விரிய இயலாதெனின் ஆட்டமே விரியவேண்டும் என்னும் முடிவுக்குக் குழுவினர் வந்தனர். ஹார்வர்டின் பயிற்சியாளர் பில் ரீட் இச்சீர்திருத்தத்தில் முன்னின்றவர். அவ்வாண்டில் ஏற்கப்பட்ட திருத்தங்களுள் முதன்மையானது, பந்தை முன்னோக்கி எறிவதற்கு அளித்த இசைவு. பந்து காற்றில் பறந்து எங்கும் செல்லலாம் என்றால் எதிரணி ஓரிடத்தில் குவிந்து நிற்க இயலாது. நிலத்தால் தர இயலாத அகலத்தை வானம் தந்தது எனலாம். மூன்று முயற்சிகளில் முன்னேறவேண்டிய தொலைவு ஐந்து கஜத்திலிருந்து பத்துக் கஜமாயிற்று. வெறும் தள்ளுமுள்ளினால் பத்துக் கஜத்தைக் கடப்பது அரிது. இரு அணிகளின் வரிசைக்கும் இடையே பந்தின் நீள அளவு வெற்றிடம் இருக்கவேண்டும் என்பதும் விதியாயிற்று.

இத்திருத்தங்களால் எல்லாம் உடனே சீர்பட்டதென்று கூறுவதற்கில்லை. எறிதலுக்குத் தொடக்கத்தில் பல கட்டுப்பாடுகள் இருந்தன. பயிற்சியாளர் பலர் அதனை நம்பவும் இல்லை. 1909இல் சாவுகள் மீண்டும் கூடின. 1910இல் பந்தை ஏந்தியவரைத் தள்ளுவதும் இழுப்பதும் தடுக்கப்பட்டன. 1912இல் முயற்சிகள் நான்காயின. களத்தின் நீளம் நூறு கஜமாகக் குறைந்து, இருமுனையிலும் பத்துப் பத்துக் கஜம் சேர்க்கப்பட்டது. இன்று உலகம் காணும் அமெரிக்கக் கால்பந்தின் உருவம் இவ்வாறு படிப்படியாக அமைந்ததே. களத்தின் அகலம் மட்டும் அன்று போலவே இன்றும் 160 அடியாக நிற்கிறது.

வளர்ச்சியும் வசதிகளும்

அரங்கம் தோன்றிய காலந்தொட்டே அது பந்தாட்டத்திற்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 1906ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஈஸ்கிலஸ் இயற்றிய 'அகமெம்னான்' என்னும் துன்பியல் நாடகம் அங்குக் கிரேக்க மொழியிலேயே நடிக்கப்பட்டது. பந்து உருண்ட களத்தில் பழந்தமிழைப் போன்றதொரு பழமொழி ஒலித்தது என்பது மொழித்துறை மாணவராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கூட்டம் பெருகவே 1929இல் திறந்திருந்த முனையில் இரும்பு மேடைகள் எழுப்பப்பட்டன. அப்போது 57,166 பேர் அமர இடம் உண்டாயிற்று. 1951இல் அம்மேடைகள் அகற்றப்பட்டன. ஆறு நோக்கிய முகம் மீண்டும் திறந்தது; இருக்கைகள் ஏறத்தாழ முப்பதாயிரமாகச் சுருங்கின. பெருக்குவதைவிடக் குறைப்பதற்கே மனத்துணிவு மிகுதியாக வேண்டும். அவ்வகையில் இது அரிய செயலாகும்.

1968ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ஹார்வர்டும் யேலும் இங்கு ஆடியது வரலாற்றில் நிலைத்த ஆட்டம். ஆட்டம் முடிய 42 நொடிகளே எஞ்சியிருந்தன. யேல் 29, ஹார்வர்டு 13 என்னும் நிலை. அந்த நொடிகளுக்குள் ஹார்வர்டு 16 புள்ளிகள் ஈட்டி 29-29 எனச் சமன் செய்தது. 1970ஆம் ஆண்டில் பாஸ்டனின் தொழில்முறை அணியும் இவ்வரங்கத்தில் ஆடியது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின்போது, நாம் கால்பந்து என்று அறிந்த ஆட்டத்தின் தொடக்கச் சுற்றுப் போட்டிகள் சில இங்கு நடைபெற்றன.

1980களில் இருக்கைப் பலகங்களும் தாங்கும் இரும்பும் பெருமளவில் பழுதுபார்க்கப்பட்டன. கான்கிரீட்டின் பகை குளிர் மட்டுமன்று. உள்ளே புகும் ஈரத்தினால் துருவேறும் இரும்பும் பகையே. 1987இல் இவ்வரங்கம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2006இல் இயற்கைப் புல்லுக்கு மாற்றாகச் செயற்கைப் புல்தரை விரிக்கப்பட்டது, மின்விளக்குகளும் பொருத்தப்பட்டன. 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிரவுன் பல்கலைக்கழக அணியோடு முதல் இரவு ஆட்டம் நிகழ்ந்தது. குளிர்காலத்தில் களத்தின்மேல் காற்றடைத்த கூடாரம் ஒன்றை எழுப்பி உள்ளே பயிற்சி செய்யும் ஏற்பாடும் உண்டாயிற்று. போட்டி இல்லாத நாட்களில் 37 பகுதிகளின் படிகளையும் ஏறியிறங்கி உடற்பயிற்சி செய்வோர் பலர். மாணவரல்லாத நகரமக்களும் அவருள் அடங்குவர்.

வழித்தோன்றல்கள்

ஹார்வர்டு காட்டிய வழியில் பிற கல்லூரிகளும் சென்றன. யேல் 1914இல் ஒரு பெரிய கிண்ணம் போன்ற அரங்கத்தை அமைத்தது. நிலத்தைத் தோண்டிக் களத்தைத் தாழ்த்தி, தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாக உயர்த்தி, அதன்மேல் இருக்கைகளை அமைத்தனர். ஏரி வெட்டிய மண்ணில் கரை போடும் நம் முன்னோரின் முறையே இது. 'யேல் கிண்ணம்' என்னும் பெயரால், கலிபோர்னியாவின் ரோஸ் கிண்ணம் முதலாகப் பல அரங்கங்களும் போட்டிகளும் இன்று 'கிண்ணம்' எனவே வழங்குகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1927இல் திறந்த அரங்கத்தில் இன்று 1,07,601 பேர் அமர இடமுண்டு. 2013இல் ஒரே நாளில் அங்கு 1,15,109 பேர் கூடினர். அளவால் நோக்கின் ஹார்வர்டு இவற்றின்முன் சிறியதே. ஆயினும் இவை அனைத்திலும் ஆடப்படுவது, ஹார்வர்டின் சுவர் நகராமையினால் ஒருபங்கு உருப்பெற்ற ஆட்டமேயாகும்.

இன்றைய வினா

1905இல் எழுந்த வினா இன்றும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. தலைக்கவசம் வந்தது, மருத்துவம் வளர்ந்தது. ஆயினும் மீண்டும் மீண்டும் தலையில் படும் அடிகள் மூளையை நாளடைவில் நலிவிக்கும் என்பது அண்மைக்கால ஆய்வுகளால் வெளிப்பட்டது. ஹார்வர்டு உள்ளிட்ட எட்டுக் கல்வி நிலையங்கள் அடங்கிய ஐவி கூட்டமைப்பு 2016ஆம் ஆண்டில் இரு நடவடிக்கைகளை மேற்கொண்டது. போட்டிப் பருவத்துப் பயிற்சிகளில் ஒருவரையொருவர் மோதி வீழ்த்துதலை நீக்கியது. ஆட்டத்தைத் தொடங்கும் உதையை 35ஆம் கஜத்திற்கு மாற்றாக 40ஆம் கஜத்திலிருந்து உதைக்கச் செய்தது. பந்து எதிர்முனையின் எல்லையைத் தாண்டி விழுமாயின், இரு அணியினரும் முழுவேகத்தில் ஓடிவந்து மோதும் தேவை இல்லாமற் போகும் என்பது கருத்து. தொடக்க உதை ஆயிரத்திற்கு ஏறத்தாழ பதினொன்றாக இருந்த மூளை அதிர்ச்சி நிகழ்வுகள் இரண்டாகக் குறைந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐந்து கஜ மாற்றத்தினால் விளைந்த பயன் இது.

நிறைவாக

ஒரு நிறுவனத்திற்கு நிலம் கொடுப்போர் உண்டு. கட்டடம் கொடுப்போர் உண்டு. கொடுத்த பொருள் எவ்வகையில் பயன்படும் என்பதனைக் கொடுப்போர் முழுதும் அறிவதில்லை. நண்பர்களை நினைந்து நிலம் ஈந்த ஹிக்கின்சனும், கல்லூரியை நினைந்து பொருள் ஈந்த 1879ஆம் ஆண்டு மாணவரும், முகம் அறியாத இளைஞர் பலரின் உயிர்காக்கத் தம் கொடை ஒருவகையில் துணைநிற்கும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். உறுதியாகக் கட்டவேண்டும் என்று கருதிய பொறியியல் பேராசிரியர்களும் ஆட்டவிதியை மாற்ற எண்ணிக் கட்டவில்லை. தம் கடமையைச் செம்மையாகச் செய்தனர். பயன் தானே பெருகியது.

மற்றொன்றும் நாம் உணரத்தக்கது. ஆட்டம் மரபுவழி வந்தது, ஆகையால் மாற்றலாகாது என்று அன்று வாதிட்டோர் பலர். சுவர் மாறாது நின்றது, விதி மாறியது. கல்லால் ஆனதைக் காத்து, சொல்லால் ஆனதைத் திருத்தினர். மாணவரின் உயிருக்கும் ஆட்டத்தின் வழக்கத்திற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள்ள நேரும்போது, கல்வி நிலையம் எதன் பக்கம் நிற்கவேண்டும் என்பதனை அத்திருத்தம் காட்டுகிறது. மைதானமும் ஒரு வகுப்பறையே. அங்குப் பயிலும் மாணவன் மாலையில் நலமாக வீடு திரும்புவதே அவ்வகுப்பின் முதற்பாடம் ஆகும்.